பெரிபெரியும் புழுங்கலரிசியும்: அடுப்படி தந்த ஒரு வைத்திய வரலாறு

நோய்களின் பெயர்களில் நம் நாட்டுக்குச் சொந்தமானது ஒன்று உண்டு: பெரிபெரி. சிங்களத்தில் 'பெரி' என்றால் ஏலாது. அதை இரட்டித்துச் சொன்னதே நோயின் பெயராயிற்று என்பது அகராதிகள் பலவும் தரும் விளக்கம். பொல்பிட்டியவில் இருக்கும் எங்களுக்கு இதைச் சொல்ல அகராதி வேண்டியதில்லை. ஊரின் பெயரே 'பொல்' என்ற தேங்காயும் 'பிட்டிய' என்ற திடலும் சேர்ந்த சிங்களச் சொல். தமிழும் சிங்களமும் ஒரே கடை வாசலில் புழங்கும் இடம் இது. மூட்டை தூக்க வந்தவர் "பெரி" என்று கையை விரித்தால் அதற்கு மேல் பேச்சில்லை.

நோயும் அப்படித்தான் பேசும். முதலில் கால் விரல்கள் மரத்துப் போகும். கெண்டைக்கால் நோகும். பிறகு எழும்ப ஏலாது, நடக்க ஏலாது. சிலருக்கு உடம்பு வற்றிவிடும். சிலருக்குக் கால் வீங்கி, வீக்கம் மேலேறி, மூச்சு முட்டி, ஒருநாள் நெஞ்சு நின்றுவிடும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்த பிரித்தானியப் படை வைத்தியர்கள் இந்நோயைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் ஆயிரக்கணக்கில் அது ஆட்களைக் கொண்டுபோனது இங்கே அல்ல. ஜப்பானியக் கடற்படையிலும் ஜாவாவின் சிறைகளிலும் மலாயாவின் ஈயச் சுரங்கங்களிலும்தான். அதே மலாயாவில், அதே காலத்தில், தோட்டங்களிலும் ரயில் பாதைகளிலும் வேலை செய்த தமிழ்த் தொழிலாளரை அந்த நோய் அநேகமாகத் தொடவில்லை.

ஏன் என்று கேட்டவர்கள் விடையைச் சோற்றுப் பானையில் கண்டார்கள். வீட்டு வைத்தியம், இயற்கை வைத்தியம் என்று இன்று நம்மவர்கள் பேசாத நாளில்லை. கருஞ்சீரகத் தூளும் மூலிகைப் பொடியும் தபாலில் வருகின்றன. அந்தப் பேச்சில் எங்கும் இடம்பெறாத ஒரு வீட்டுப் பழக்கம்தான், மெய்யாகவே உயிர் காத்தது என்று எண்ணிக்கையோடு நிறுவப்பட்டது: நெல்லை அவித்துக் குற்றும் பழக்கம். அதன் கதையை நம் மலையகத்தோடும் நம் சமூகத்தோடும் சேர்த்துப் பார்க்க விரும்புகிறேன்.

நெல்லை உரலில் குற்றிச் சாப்பிட்ட காலத்தில் தவிட்டில் ஒரு பங்கு அரிசியோடு ஒட்டியே இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் ரங்கூனிலும் பாங்கொக்கிலும் சைகோனிலும் நீராவி ஆலைகள் எழுந்தன. அரிசியை மேலும் மேலும் தீட்டி வெள்ளை வெளேரென்று ஆக்கிக் கப்பலேற்றின. வெள்ளை அரிசி மலிவாயிற்று. மலிவானதோடு மரியாதைக்குரியதும் ஆயிற்று. ஏழை உண்ணும் மங்கலான அரிசியிலிருந்து தப்பி, பணக்காரரின் அரிசிக்கு எல்லோரும் வந்து சேர்ந்துவிட்டதாக நினைத்தார்கள்.

ஜப்பானியக் கடற்படையில் தகாகி கனெஹிரோ என்ற வைத்திய அதிகாரி இருந்தார். 1882–83 இல் நீண்ட பயணம் போன 'ரியூஜோ' கப்பலில் 376 பேர். 169 பேருக்குப் பெரிபெரி, 25 பேர் இறந்தார்கள். 1884 இல் 'ட்சுகுபா' என்ற கப்பலை அதே வழியில் அனுப்பி, சாப்பாட்டை மட்டும் மாற்றினார். வெறும் வெள்ளைச் சோற்றுக்குப் பதில் இறைச்சி, பால் முதலானவை சேர்ந்தன. ஒருவரும் சாகவில்லை. புரதக் குறைவே காரணம் என்று அவர் நினைத்தது பிழை; ஆனால் ஆட்கள் பிழைத்தார்கள்.

ஜாவாவில் நடந்தது இன்னும் சுவையானது. கிறிஸ்தியான் எய்க்மன் என்ற ஒல்லாந்து வைத்தியர் பெரிபெரிக்குக் கிருமி தேடிக்கொண்டிருந்தார். அவருடைய கோழிகள் கால் தள்ளாடி விழத் தொடங்கின. பிறகு தாமாகவே எழும்பிவிட்டன. விசாரித்தால் காரணம் குசினியில். முன்பு இராணுவ ஆஸ்பத்திரியில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த சமையற்காரர், இராணுவச் சோற்றைச் 'சிவில்' கோழிகளுக்குத் தர ஏலாது என்று மறுத்துவிட்டார்! கோழிகளுக்குத் தீட்டாத அரிசி கிடைத்தது, நோயும் போயிற்று. அந்தச் சமையற்காரரின் பிடிவாதம் இல்லையென்றால் கிருமி தேடல் இன்னும் எத்தனை ஆண்டு இழுத்திருக்குமோ. எய்க்மனின் நண்பர் ஃபோர்டர்மன் பின்னர் ஜாவாவின் 101 சிறைகளில் எந்த அரிசி சமைக்கிறார்கள், எத்தனை பேருக்கு நோய் என்று கணக்கெடுத்தார். தீட்டிய அரிசிச் சிறைகளிலேயே நோய் குவிந்திருந்தது. எய்க்மனுக்கு 1929 இல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி மலாயா. நெகிரி செம்பிலானில் அரசாங்க வைத்தியராயிருந்த லெனார்ட் பிரெடன் 1907 இல் பெரிபெரி பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார். அவர் கண்டது இதுதான். சீனச் சுரங்கத் தொழிலாளர் வெளியிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசி உண்டார்கள், நோயில் விழுந்தார்கள். மலாய்க்காரர் தம் வயல் நெல்லைத் தாமே குற்றி உண்டார்கள், நோய் இல்லை. தமிழர் உண்டதும் வெளியிலிருந்து கப்பலில் வந்த அரிசிதான், ஆனால் புழுங்கல். அவர்களுக்கும் நோய் இல்லை. மூன்று சமூகம், ஒரே வெயில், ஒரே மழை, ஒரே தண்ணீர். பச்சரிசி பழசாகும்போது அதில் பூஞ்சண நஞ்சு ஊறுகிறது என்று பிரெடன் முடிவு கட்டினார். காரணத்தில் தவறிவிட்டார், அரிசியைச் சுட்டிக் காட்டியதில் தவறவில்லை.

இதைச் சோதித்தவர் வில்லியம் ஃபிளெச்சர். இடம் கோலாலம்பூர் மனநோயாளர் இல்லம். 1905 இன் இறுதியில் தொடங்கி ஓராண்டு, நோயாளரை வரிசைப்படி ஒருவர் விட்டு ஒருவராக இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதிக்குப் பச்சரிசி, மறு பாதிக்குப் புழுங்கல். ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 120 பேர். பச்சரிசி உண்டவர்களில் கால்பங்குக்கு மேல் நோயுற்றார்கள். 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் பக்கத்தில் பெரிபெரியால் ஒரு மரணமும் இல்லை.

வைத்திய வரலாற்று நூல்கள் இந்தச் சோதனையை மெச்சிப் பேசுகின்றன. மெச்சத்தக்கதுதான். ஆனாலும் அந்த 18 பேரைத் தாண்டிப் போக எனக்கு மனம் வருவதில்லை. சம்மதம் கேட்டாலும் சொல்லத் தெரியாதவர்கள். எந்தப் பானையிலிருந்து தமக்குச் சோறு வந்தது என்பதே அவர்களுக்குத் தெரியாது. ஓர் உயிரைக் கொல்வது மனித குலத்தையே கொல்வது போன்றது என்று படித்து வளர்ந்த நாம், இந்த அறிவுக்கு விலை கொடுத்தவர்கள் யார் என்பதையும் சேர்த்தே எழுதி வைக்க வேண்டும்.

அதன் பிறகு ஃபிரேசர், ஸ்டான்டன் என்ற இருவர், காட்டுக்குள் வீதி வெட்டிக்கொண்டிருந்த 300 ஜாவானியத் தொழிலாளரை இரு கூட்டமாக்கி அதே சோதனையைச் செய்தார்கள். பச்சரிசிக் கூட்டத்தில் நோய் தலைகாட்டியது. அரிசியை மாற்றினார்கள், நோய் நின்றது. புழுங்கலுக்கு மாறிய கூட்டம் தேறியது. பச்சரிசிக்கு மாறிய கூட்டத்தில் நோய் தோன்றியது. 1909 இல் அவர்கள் வெளியிட்ட முடிவு: நஞ்சு எதுவும் அரிசிக்குள் வரவில்லை, தீட்டும்போது ஏதோ ஒன்று அரிசியை விட்டுப் போகிறது. அந்த 'ஏதோ ஒன்று' போன்றவற்றுக்கு 1912 இல் காசிமிர் ஃபங்க் 'வைட்டமின்' என்று பெயர் வைத்தார். இன்று தயமின், அதாவது வைட்டமின் பி1 என்கிறோம்.

புழுங்கலில் நடப்பது என்ன? நெல்லை ஊறவைத்து, கிடாரத்தில் போட்டு ஆவி வர அவித்து, பாயிலோ களத்திலோ காயவைத்து, பிறகு குற்றுகிறோம். தவிட்டிலும் முளையிலும் இருக்கும் தயமின், ஊறும்போதும் அவியும்போதும் அரிசியின் உள்ளுக்கு இறங்கிவிடுகிறது. மாப்பொருள் இறுகி அதைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு தவிட்டை எவ்வளவு தீட்டினாலும் உள்ளே போனது உள்ளேயே இருக்கும். கழுவினாலும் அவ்வளவு எளிதில் போகாது.

இதை எந்தத் தாயும் வைட்டமினுக்காகச் செய்யவில்லை. சம்மாந்துறைப் பக்கமோ அக்கரைப்பற்றுப் பக்கமோ நெல் அவித்த மூத்தம்மாமாரிடம் கேட்டால் சொல்லும் காரணங்கள் வேறு: குற்றும்போது அரிசி உடையாது, வண்டு பிடிக்காது, சோறு குழையாது, பழஞ்சோறு நாளைக்கும் நிற்கும், வயிற்றுக்குச் சுகம். அத்தனையும் வீட்டுக் கணக்கு. கடைசிக் காரணத்தை மட்டும் வைத்தியம் என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆனால் அந்த வீட்டுக் கணக்கு எதையெல்லாம் சேர்த்துக் காத்தது என்பதை நிறுவ ஓர் ஆய்வு உலகத்துக்குக் கால் நூற்றாண்டு பிடித்தது.

தமிழகத்திலேயே இதற்கு இன்னொரு சான்று உண்டு. நீலகிரியில், நம் மலையகம் போலவே தேயிலை சூழ்ந்த குன்னூரில், ரொபர்ட் மக்கரிசன் 1918 இல் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். அதுவே பின்னாளில் ஹைதராபாத்துக்குப் போன தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் விதை. 1924 இல் அவரும் நொரிஸ் என்பவரும் வெளியிட்ட ஆய்வின்படி, சென்னை மாகாணத்தில் பெரிபெரி நிலைத்திருந்தது வடக்கே தெலுங்குக் கரையோர மாவட்டங்களில், அங்கே பச்சரிசி. தெற்கே புழுங்கல் உண்ட தமிழ் மாவட்டங்களில் அது இல்லை. ஒரே மாகாணம், ஒரே ஆட்சி. நோயின் எல்லையைப் பானை வகுத்தது.

அந்தத் தெற்கு மாவட்டங்களிலிருந்துதான், திருச்சி, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், சேலம் பக்கமிருந்துதான், நம் மலைகளுக்குக் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் ஆட்கள் வந்தார்கள். தோட்டம் அவர்களுக்குக் கூலியின் பங்காக அரிசி அளந்தது. மலையில் நெல் விளையவில்லை. தென்னிந்தியாவிலும் பர்மாவிலுமிருந்து கப்பலில் கொழும்புக்கு வந்து, 1884 இல் ரயில் ஹட்டனைத் தொட்ட பிறகு ரயிலிலும், அதற்கு முன் மாட்டு வண்டியிலும் ஏறி வந்த அரிசி அது. அதில் பெரும் பங்கு புழுங்கல். லயத்துப் பெண்கள் இங்கே நெல் அவிக்கவில்லை. அவித்தது கடலுக்கு அப்பால் யாரோ. ஆனால் பச்சரிசி வேண்டாம், அது பொங்கலுக்கும் பலகாரத்துக்கும்தான் என்ற நாக்கை அவர்கள் கூடவே கொண்டுவந்தார்கள். துரைமாரும் வியாபாரிகளும் அந்த நாக்குக்கு இசைந்துதான் அரிசி தருவித்தார்கள். மலாயாச் சுரங்கங்கள் கண்ட பெரிபெரி அழிவு நம் தோட்ட வரலாற்றில் இல்லாததற்கு இந்த நாக்கு ஒரு முக்கிய காரணம் என்பது என் துணிபு.

இந்த வரலாற்றில் முஸ்லிம்களின் இடம் எது? கண்டி இராச்சியத்தில் நம் முன்னோர் இரண்டு பக்கம் நின்றார்கள். ஒன்று 'மடிகே பத்த' என்ற போக்குவரத்துத் திணைக்களம்: தவளம் மாடுகளில் உப்பும் கருவாடும் மலைக்கு ஏற்றி, பாக்கு இறக்கினார்கள். மற்றது அரண்மனையின் 'பெத்கே' என்ற மருந்துச் சாலை. அங்கே பரம்பரை பரம்பரையாக முஸ்லிம் வைத்தியர்கள் பணி செய்ததை லோர்னா தேவராஜா 1994 இல் வெளியான தமது நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். இலங்கையின் பிரதம நீதியரசராயிருந்த சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன், பக்தாதிலிருந்து முன்னோர் கொண்டுவந்தவை என்று சொல்லிக் கேலன் முதலியோரின் அரபு மொழிபெயர்ப்புப் பகுதிகளை இங்குள்ள முஸ்லிம்கள் தம்மிடம் காட்டினார்கள் என்று 1827 இல் பதிவு செய்தார்.

நாம் மேடைகளில் பெருமையாகப் பேசுவது இந்தப் பெத்கே வைத்தியர்களை. பேச வேண்டியதுதான். ஆனால் குடும்பங்களின் சுகத்தைக் கணக்கிட்டால், உப்பும் கருவாடும் ஏற்றிய தவளக்காரரின் பங்கு குறைந்ததா? அவர்களுக்குப் பின் தோட்டப் பட்டினங்களில், ஹட்டனிலும் கினிகத்தேனையிலும் மற்றப் பசார்களிலும், கடை போட்ட நம்மவர்களின் பங்கு? நானா கடை என்றால் அரிசி, பருப்பு, கருவாடு மட்டுமா? கொத்தமல்லி, வெனிவெல், சுக்கு, திப்பிலி, பெருங்காயம், ஓமம் எல்லாம் ஒரே அலுமாரியில். லயத்தில் ஒருத்திக்குப் பிள்ளை பிறந்தால் அவளுடைய மாமியார் கடை வாசலில் வந்து நின்று "நானா, பிள்ளைப்பெத்த சரக்கு கட்டுங்க" என்பார். இன்னின்ன சாமான், இவ்வளவு நிறை என்று ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அவர் கை தானாகக் கட்டும். கணக்கு கொப்பியில் ஏறும், சம்பளத்தன்று தீரும். இந்தச் சரக்கு அறிவை யாரும் நூலாக்கவில்லை. ஓரிரு கொப்பிகள் மிஞ்சியிருந்தால் அவையே நமக்குச் செப்பேடு.

நம் வீடுகளில் இன்றும் தவறாமல் நிற்பது கஞ்சி. 'கொன்ஜி' என்று ஆங்கிலம் சொல்வதும் 'கஞ்ஜா' என்று போர்த்துக்கேயம் சொல்வதும் நம் கஞ்சியைத்தான். கோவாவிலிருந்த போர்த்துக்கேய வைத்தியர் கார்சியா த ஓர்தா 1563 இல் அச்சிட்ட நூலில், வாந்திபேதிக்காரனுக்கு மிளகும் சீரகமும் போட்ட அரிசித் தண்ணீர் கொடுப்பதையும் அதன் பெயர் கஞ்சி என்பதையும் எழுதியிருக்கிறார். நானூறு ஆண்டு கழித்து, 1971 இல் வங்காள அகதி முகாமில் வாந்திபேதி பரவியபோது திலீப் மஹாலனாபிஸ் என்ற வைத்தியர் உப்பும் குளுக்கோசும் கரைத்த நீரை வாயால் குடிக்கக் கொடுத்து ஆயிரக்கணக்கானோரைப் பிழைக்க வைத்தார். நம் ஆஸ்பத்திரிகளில் தரும் 'ஜீவனி' பக்கற் அந்த வழியில் வந்ததுதான். பின்னர் அரிசி மாவிலும் அதைச் செய்து பார்த்தார்கள்; நன்றாகவே வேலை செய்தது. வயிற்றோட்டத்துக்கு உப்புக் கஞ்சி கொடு என்ற மூத்தம்மா சரியாகத்தான் சொன்னார்.

நோயாளிக்கும் துக்கப்பட்ட வீட்டாருக்கும் 'தல்பீனா' என்ற கஞ்சி கொடுக்கச் சொல்லி ஆயிஷா (ரழி) அறிவித்தது புஹாரியில் உள்ளது. மாவிலோ தவிட்டிலோ காய்ச்சுவது அது என்று உரையாசிரியர்கள் எழுதுகிறார்கள். இன்னொரு செய்தியும் புஹாரியில் உண்டு. நபி (ஸல்) அவர்கள் சலித்த வெள்ளை மாவைக் கண்டதேயில்லை, வாற்கோதுமையை அரைத்து ஊதி, பறந்தது போக மிஞ்சியதைப் பிசைந்து உண்டோம் என்று ஸஹ்ல் பின் ஸஅத் (ரழி) சொல்கிறார். இதைக் காட்டி 'அன்றே வைட்டமின் சொல்லப்பட்டுவிட்டது' என்று பயான் செய்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அது அவர்களின் எளிய வாழ்வைச் சொல்லும் செய்தி. நபிவழி வைத்தியம் என்று வரும் செய்திகளில் பல அரபு மக்களின் அனுபவப் பழக்கத்தைச் சேர்ந்தவை என்று இப்னு கல்தூன் 14ஆம் நூற்றாண்டிலேயே எழுதினார். மருந்து செய்யலாமா என்று கேட்ட நாட்டுப்புற அரபிகளுக்குச் செய்யுங்கள் என்ற விடை கிடைத்ததையும் நாம் ஹதீஸ் நூல்களில்தான் படிக்கிறோம்.

ஏனென்றால் அடுப்படிக்கு எல்லை உண்டு. அதைச் சொல்லாமல் இந்த வரலாற்றை எழுதினால் அரைகுறையாகிவிடும்.

தோட்டங்களைச் சோகையில் தள்ளியது கொளுக்கிப்புழு. 1916 இல் ரொக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் அதை ஒழிக்கும் வேலையைத் தொடங்கினார்கள். அக்காலத்தில் அந்தப் புழுவுக்குத் தந்த மருந்துகளில் ஒன்று தைமோல். அதை வடித்தெடுத்தது நம் ஓமத்திலிருந்து. ஆக, மருந்தின் மூலப்பொருள் ஒவ்வொரு லயத்து அடுப்படியிலும் நானா கடையிலும் இருந்தது. ஆனாலும் ஓமத் தண்ணீர் குடித்த பிள்ளைக்குப் புழு போகவில்லை. வடித்தெடுத்த தைமோலின் அளவு வேறு, ஓமத் தண்ணீரில் இருக்கும் அளவு வேறு. மேலும், போன புழு வெறுங்கால் வழியே திரும்ப ஏறியது. மலசலகூடம் கட்டப்படும்வரை எந்த மருந்தும் நிலைக்கவில்லை. மலசலகூடத்தை ஒரு தாய் தன் அடுப்படியிலிருந்து கட்ட முடியாது. அது தோட்டத்தின் கடன், அரசின் கடன்.

1934–35 மலேரியா இன்னொரு பாடம். மழை பொய்த்து களனி கங்கைப் பள்ளத்தாக்கின் ஆறுகள் குட்டை குட்டையாய்த் தேங்க, நுளம்பு பெருகிற்று. கேகாலைப் பக்கத்தில் தொடங்கி ஏறத்தாழ 80,000 பேரை அந்தக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. எங்கள் பொல்பிட்டியவிலிருந்து கீழே இறங்கினால் வரும் யட்டியாந்தோட்டைப் பக்கத்தில் சூரிய மல் இயக்கத்து இளைஞர்கள் நிவாரணத்துக்கு இறங்கினார்கள். மருந்தோடு மட்டும் அவர்கள் போகவில்லை. பட்டினியில் கிடந்த உடம்பு காய்ச்சலைத் தாங்காது என்று கண்டு பருப்புக் கொடுத்தார்கள், மார்மைட்டை உருண்டையாக்கிக் கொடுத்தார்கள். என். எம். பெரேராவுக்கு 'பருப்பு மாத்தையா' என்ற பெயர் ஒட்டியது அப்போதுதான். 1936 இல் ருவன்வெல்ல மக்கள் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பினார்கள். மார்மைட் என்பது ஈஸ்ட் சாறு; புழுங்கலரிசி காத்து வைக்கும் பி வைட்டமின்கள் அதிலும் நிறைய. ஆனால் பருப்பு மலேரியாவைக் குணப்படுத்தாது. அதற்குக் கொய்னா வேண்டும். இரண்டும் ஒரே கையிலிருந்து வந்ததால்தான் அந்த நிவாரணம் நிவாரணமாயிற்று.

பிள்ளைப்பேற்றுச் சரக்கையும் இப்படித்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். மிளகும் உள்ளியும் மஞ்சளும் அரைத்து, மீன் சேர்த்த சரக்குக் கறி, பெற்றவளுக்கு நல்ல சாப்பாடு, ஆட்சேபிக்க ஒன்றுமில்லை. அதே நாற்பது நாளில் தண்ணீரை அளந்து கொடுப்பதும், கீரையும் பழமும் குளிர் என்று ஒதுக்குவதும் பால் கொடுப்பவளுக்குச் செய்யும் அநியாயம். இரண்டையும் ஒரே பாரம்பரியம் என்று கட்டி ஒரே மூச்சில் காப்பாற்ற ஏலாது.

பானை மாறத் தொடங்கியது 1942 இல். ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அரிசிக் கப்பல் நின்றது. பங்கீட்டில் கோதுமை மா வந்தது. யுத்தம் முடிந்தும் மா போகவில்லை. 1973–74 பஞ்சத்தில் பங்கீடு வெட்டப்பட்டபோது தோட்டத்து மக்கள் பட்டினியால் செத்ததையும், பட்டினங்களில் கையேந்தி நின்றதையும் எங்கள் பெற்றோர் தலைமுறை மறக்கவில்லை. அப்போது கிடைத்த மாவே பெரிய விஷயம். அதைப் பழிக்க எனக்கு வாய் வராது. 1980 இல் திருகோணமலையில் பெரிய மா ஆலை ஓடத் தொடங்கியது. காலையில் ரொட்டி, மலைக்குக் கொண்டுபோக ரொட்டி என்பது தோட்டத்து வழக்கமாயிற்று. விறகும் நேரமும் மிச்சம் என்பதும் அதற்கு ஒரு காரணம். தவிடும் முளையும் நீக்கிய வெள்ளை மா, தீட்டிய பச்சரிசியின் உடன்பிறப்பு என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

இன்று பெரிபெரி நம் வீடுகளில் இல்லை. பருப்பும் மீனும் முட்டையும் அங்கங்கே அதைத் தடுத்துவிடுகின்றன. வேறு குறை இருக்கிறது. 2016 குடித்தொகை மற்றும் சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நாடளாவ நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். பெருந்தோட்டத் துறையில் அது ஏறத்தாழ 32. என் வகுப்பில் காலை இடைவேளையில் நான் காண்பதை இந்த எண்கள் மெய்ப்பிக்கின்றன: சம்பலும் இல்லாத வெறும் ரொட்டி, சில நாளில் பிஸ்கட் பக்கற். தமிழ்ப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை, சிங்களப் பிள்ளை என்ற வித்தியாசம் இதில் இல்லை.

இந்த வீடுகளுக்கு முந்நூறு ரூபாய் மூலிகைப் பொடியை விற்பது எந்தக் கணக்கில் இயற்கை வைத்தியம்? காசில்லாமலும் சிறு காசிலும் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. குன்னூரில் அக்ரொய்ட் குழுவினர் 1940 இல் காட்டியபடி, தீட்டிய பச்சரிசியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவதிலேயே தயமினின் பெரும் பங்கு போய்விடுகிறது. வடித்த கஞ்சியைக் கொட்டினால் மிச்சமும் போகிறது. ஆகவே புழுங்கல் வாங்குவது, கழுவலைக் குறைப்பது, கஞ்சியைக் குடிப்பது. வேலியோரத்து வல்லாரை, பொன்னாங்காணி; பருப்பு; நெத்தலிக் கருவாடு. சீனி வருத்தக்காரர் புழுங்கல்தானே என்று பீங்கான் நிறையப் போட்டுக்கொள்ளவும் வேண்டாம். கவர்ச்சி எதுவும் இல்லாத பட்டியல்தான். புழுங்கலரிசிக்கும் அன்று கவர்ச்சி இருக்கவில்லை.

காய்ச்சல் வேறு விஷயம். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பிள்ளைக்கு நாலு நாள் காய்ச்சல். கொத்தமல்லியும் பப்பாசி இலைச் சாறும் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டெங்கு. கடைசி நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய், அல்லாஹ்வின் கிருபையால் பிள்ளை தப்பியது. கொத்தமல்லி கொடுத்ததில் பிழையில்லை. தண்ணீர் உள்ளே போகிறது, நல்லதே. இரண்டு நாளுக்கு மேல் நின்ற காய்ச்சலுக்கு இரத்தம் பார்க்காததுதான் பிழை. அந்த வீட்டு மூத்தம்மா பின்னர் என்னிடம் சொன்னது: "நாங்க கொத்தமல்லிய மருந்துன்டு நெனச்சிட்டம் சேர். அது சாப்பாடு."

நெல் அவித்தலுக்கு நம் ஊர்களில் வழங்கும் சொற்களைத் தொகுத்து வருகிறேன். எத்தனை நேரம் ஊறல், எந்த விறகு, ஒற்றை அவியலா இரட்டை அவியலா, உமி எப்போது வெடிக்கும், எந்த நெல்லை அவிக்கமாட்டார்கள் என்பன எல்லாம் அதில் அடங்கும். கிழக்கிலும் மன்னாரிலும் புத்தளத்திலும் கிடாரம் வைத்து அவித்த கைகள் இன்னும் சில வீடுகளில் உள்ளன. தோட்டப் பட்டினங்களின் பழைய கடைக் கொப்பிகளும் அப்படித்தான். கடையை விற்கும்போது அவற்றைப் பழைய பேப்பர்காரனுக்கு நிறுத்துப் போட்டுவிடாதீர்கள். இந்தச் சஞ்சிகையின் முகவரிக்கு ஒரு கடிதம் போட்டால், நானே வந்து பார்த்து எழுதிக்கொள்கிறேன்.